சந்தா ரசீதும் சட்டமன்ற இருக்கையும்

தொழிற்சங்கத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர்கள் என்றால் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையைத்தான் முதலில் சொல்வேன். 1914இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் படித்து, இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து தோட்டத் தொழிலாளர்களிடையே வேலை செய்தவர். போர்க்காலத்தில் இந்தியாவுக்கு வந்தார். 1946இல், பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) நெசவு மில் தொழிலாளர்களின் சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். மறு ஆண்டே அந்த மில்லில் நீண்ட வேலைநிறுத்தம். 1952இல் சூளை எம்.எல்.ஏ., 1957இல் வடசென்னை எம்.பி.

தறியில் நிற்காத ஒருவர் எப்படி ஆலைச் சங்கத்துக்குத் தலைவரானார்? 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்க இடம் கொடுத்தது. வாயிற்கூட்டத்தில் பேசினால் மறுநாள் வேலை போகும் என்ற நிலையில், பேசுவதற்கு ஒரு வெளியாள் தேவைப்பட்டார். 2001 திருத்தம் அதை மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அது என்று சுருக்கிவிட்டது. அது நல்ல திருத்தம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

தேர்தல் என்று வந்தால் முதல் சிக்கல் பணம். சங்கப் பொது நிதியிலிருந்து வேட்பாளருக்கு ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. அரசியல் நிதி தனிக்கணக்கு. விரும்பியவர் மட்டும் கொடுக்கலாம், கொடுக்காதவரின் சங்க உரிமையைக் குறைக்க முடியாது. ஆகவே இரண்டு ரசீதுப் புத்தகம் வேண்டும். அவசரத்தில் ஒரே புத்தகத்தில் வசூலித்தால் ஆண்டுக் கணக்குத் தாக்கலில் மாட்டிக்கொள்வார்கள். எதிர் அணிக்கு அந்த ஒரு புகார் போதும்.

அடுத்தது ஓட்டு. சூளையிலும் பெரம்பூரிலும் மில்லைச் சுற்றியே தொழிலாளர் குடியிருந்தார்கள். சங்கத்தின் பலம் அப்படியே தொகுதியின் பலமானது. இன்று ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வரும் பலருக்கு ஓட்டு வேறு ஊரில்.

சபைக்குள் உதவுவது, பேச்சுவார்த்தை மேசையில் பழகிய எச்சரிக்கை. 2025 நவம்பர் வரை இருந்த தொழில் தகராறு சட்டப்படி, நிர்வாகமும் சங்கமும் நேரடியாகப் போட்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. சமரச அதிகாரி முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தமோ, சங்கத்தில் இல்லாதவரையும் பின்னாளில் வேலைக்குச் சேர்பவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. இந்த வித்தியாசத்தில் அடிபட்டவர், அமைச்சர் "பரிசீலிக்கிறோம்" என்றதும் உட்கார்ந்துவிட மாட்டார். தெளிவான வாக்குறுதியாக வாங்கி, அவைக்குறிப்பில் ஏற்றி, அமைச்சர்கள் தந்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்கும் அரசு உறுதிமொழிக் குழு வரை விரட்டுவார்.

சட்டம் நிறைவேறிய பிறகும் வேலை தீராது. 24 மாதத்தில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்கு என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். நாள் எண்ணிக்கை நெருங்கும்போது ஆளை நிறுத்தி, வேறு ஒப்பந்தக்காரர் பெயரில் திரும்ப எடுப்பார்கள். அப்போது கைகொடுப்பது சபைப் பேச்சு அல்ல. வருகைச் சீட்டும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்த மாதங்களின் பதிவும்தான். அவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்ல, எம்.எல்.ஏ. ஆனவரும் ஷிப்டு மாறும் நேரத்தில் கேட் முன்னால் வந்து நிற்க வேண்டும்.