புறவாசலில் செயற்கைப் புல்: இரண்டு தடவை போட்ட அனுபவம்

எங்கள் வீடு கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் மண்ணில். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கால் வைத்த இடமெல்லாம் அப்பிக்கொண்டு வரும். வீட்டில் இரண்டு நாய்கள். ராணி சிப்பிப்பாறை இன வேட்டை நாய்; கட்டையன் தெருவிலிருந்து வந்து தங்கிவிட்ட நாட்டு நாய். மழைக்காலம் முழுக்க அம்மா கையில் துணியோடுதான் இருப்பார். அருகம்புல், கொரியன் புல் இரண்டும் வைத்துப் பார்த்தோம். ராணி ஓடித் திரும்பும் இடத்தில் வேரோடு பெயர்ந்தது. மூத்திரம் பட்ட இடம் வட்ட வட்டமாகக் கருகியது. அதில் நைட்ரஜன் அதிகம். உரத்தை ஒரே இடத்தில் கொட்டினால் பயிர் கருகுகிற மாதிரிதான்.

சரி, செயற்கைப் புல் போட்டுவிடலாம் என்று பிப்ரவரியில் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். ஒரே நாளில் முடித்துவிட்டார். மண்ணைச் சமன் செய்து, கல் உடைக்கும்போது விழும் கிரஷர் தூள் பரப்பி, களை வராமல் இருக்க பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மேலே 40 மி.மீ. புல். பார்க்க அவ்வளவு அழகு. மார்ச் கடைசியில் அடுப்படி ஜன்னலைத் திறக்க முடியவில்லை. தினமும் தண்ணீர் அடித்தும் நாற்றம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஷீட்டின் மேல் மஞ்சளாகப் பிசுபிசுவென்று தேங்கிக் கிடந்தது. கண் எரிந்தது. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக்கிவிடும். அது வடிந்து போக வழியே வைக்கவில்லை. அந்தத் தரையில்தான் இரண்டும் மூக்கை வைத்துப் படுத்திருந்தன என்று நினைத்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

அப்புறம்தான் எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "வாட்டமும் இல்ல, வடிகாலும் இல்ல. தண்ணி எங்க தம்பி போவும்?" என்றார். கரிசல் நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கீழே இறங்காது. பக்கவாட்டில்தான் வெளியேற்ற வேண்டும். அவர் சொன்ன இந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

இடம் 19 அடிக்கு 15 அடி. நாலு இஞ்ச் தோண்டி மண்ணை எடுத்தோம். தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் வைத்து மட்டம் பார்த்து, பின்சுவரை நோக்கி 10 அடிக்கு ஒன்றரை இஞ்ச் வாட்டம், அதாவது சரிவு. அதன்மேல், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. இது இல்லாவிட்டால் இரண்டு மழையில் ஜல்லியைக் கரிசல் விழுங்கிவிடும். சுவரோரம் ஒரு வாய்க்கால் எடுத்து, துளை போட்ட மூணு இஞ்ச் பி.வி.சி. குழாயில் அதே துணியைச் சுற்றிப் படுக்கவைத்து, வெளிச் சாக்கடையில் கொண்டுபோய் விட்டோம். பிறகு முக்கால் இஞ்ச் ஜல்லி முக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), அதன்மேல் கால் இஞ்ச் சிப்ஸ், அதாவது பொடி ஜல்லி, கால் யூனிட். கிரஷர் தூளை மட்டும் அண்ணாச்சி கிட்டேயே சேர்க்கவில்லை. தூள் இறுகினால் அடைத்துக்கொள்ளும். திம்சுக்கட்டையால் இடித்து இறுக்கியபின் ஒரு வாளி தண்ணீரை நடுவில் ஊற்றினார். நான் சாக்கடையோரம் குத்தவைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது எண்ணுவதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

புல் இந்தத் தடவை 25 மி.மீ.தான். நீளமான புல்லில் மலம் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. அடிப்பக்கம் நெருக்கமாகத் துளை இருக்கிறதா என்று ஒரு துண்டை வாங்கிவந்து, குழாயடியில் பிடித்துப் பார்த்த பிறகே சுருளை வாங்கினேன். ஆறரை அடி அகலத்தில் மூன்று பட்டை. புல் சாய்ந்திருக்கும் திசை மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டு தனியாகத் தெரியும். ஓரங்களில் ஆணியை மட்டும் நம்பவில்லை. ராணி திரும்பும் வேகத்துக்கு ஆணி பெயர்ந்து பாதத்தில் ஏறிவிடும் என்று பயம். செங்கல் கட்டு கட்டி, புல்லின் விளிம்பை அதற்கடியில் செருகிவிட்டோம்.

புல்லுக்கு நடுவே தூவ ரப்பர் துகள் வேண்டவே வேண்டாம். சூடாகும், நாய் விழுங்கும். நான் போட்டது ஜியோலைட் குருணை. அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் என்று இறால் குட்டைகளில் போடுகிற அதே கல்தான். தூத்துக்குடியில் இறால் பண்ணைச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. தூளாக இல்லாமல் குருணையாகக் கேட்டு வாங்குங்கள்.

முதல் மூன்று நாள் ராணி அதில் மூத்திரம் போகவே இல்லை. விளிம்புவரை வருவாள், முகர்வாள், திரும்பிவிடுவாள். பழைய மண்ணில் ஒரு கைப்பிடியை ஒரு மூலையில் போட்டு வைத்த பிறகுதான் போனாள்.

மே மாதம் அடுத்த பாடம். மதியம் புறங்கையை வைத்தேன், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். உயிருள்ள புல் நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது முடியாது. நேர் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்துக்குத்தான். உடனே 75 சதவீத நிழல்வலை கட்டினேன். அப்படியும் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை அந்தப் பக்கம் விடுவதில்லை. வேப்பமரத்தடியில் ஒரு துண்டு மண்ணை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். கட்டையனுக்குக் குழி பறித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும், அதை ஏன் பிடுங்க வேண்டும்?

கழுவ ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் போதும். உப்பு கூடினாலும் இந்தப் புல் கருகாது. பினாயில் மட்டும் ஊற்றாதீர்கள், பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும்.

ஐப்பசியில் முதல் பெருமழை. குடையோடு போய்ச் சாக்கடையைப் பார்த்துவிட்டு அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"குழாய்ல சிப்ஸ் வருதா, மண்ணு வருதா?"

"வெறும் தண்ணிதான் அண்ணாச்சி."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.