மாந்தோப்பில் நான்கு இரவுகள், இரண்டு ஆறுகள்

காவேரிப்பட்டணத்துக்கு அருகே, தென்பெண்ணை ஆற்றங்கரையை ஒட்டி என் சித்தி வீட்டுக்குச் சொந்தமான மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. தைப்பூசமும் குடியரசு நாளும் அடுத்தடுத்து வந்து, அவற்றுடன் சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்ட விடுமுறையில், அந்தத் தோப்பில் மூன்று கூடாரங்கள் அடித்து நான்கு இரவுகள் தங்கினோம். என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன், ஓய்வுபெற்ற தமிழாசிரியையான என் அம்மா ஆகியோருடன், எங்களுக்கு இடம் கொடுத்த சித்தப்பாவும் பகற்பயணங்களில் கலந்துகொண்டார். பயண விடுதிகளில் அறை எடுத்து ஊர்விட்டு ஊர் மாறும்போது பாதிப் பொழுது பெட்டி கட்டுவதிலேயே கழிந்துவிடுகிறது. ஓரிடத்தில் தங்கி, காலையில் புறப்பட்டு இரவுக்குள் அதே மரத்தடிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதை மட்டுமே முன்கூட்டி முடிவு செய்திருந்தோம்.

தை மாதத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாமரங்கள் பூத்து நிற்கும். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, நீலம் என்று வகைக்கு வகை பூக்கும் நாள் முன்பின்னாக அமைந்தாலும், நாங்கள் போனபோது தோப்பு முழுவதும் இளமஞ்சள் பூங்கொத்துகளாகவே தெரிந்தது. அந்த மணத்துக்கு ஆசைப்பட்டு முதல் நாள் மரத்தின் நேர் கீழே கூடாரம் அடித்தது தவறாகப் போயிற்று. பூத்த மரத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் இனிப்பான பிசின் போன்ற நீரைக் கழிக்கின்றன. அது இரவெல்லாம் சொட்டி, விடிந்து பார்த்தபோது கூடாரத் துணி முழுவதும் கையில் ஒட்டியது. அதே இனிப்பு நீர் இலைமேல் படிந்தால் கரும்பூஞ்சை பிடிக்கும் என்று சித்தப்பா இலையைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் நாள் மரவரிசைகளுக்கு நடுவே உள்ள வெட்டவெளிக்குக் கூடாரங்களை மாற்றினோம். அங்கே பனி நேராக இறங்குவதால் மேல்விரிப்பு கட்டாயம் வேண்டும். காலை ஐந்து மணிக்குக் குழந்தைகள் கம்பளியை விட்டு வெளியே வர மறுக்கும் அளவுக்குக் குளிர் இருந்தது. சித்தி களத்து வீட்டு அடுப்பில் கிண்டிக் கொடுத்த களியும் கீரைக் கடைசலும் அந்தக் குளிருக்கு அவ்வளவு பொருத்தமான உணவாக அமைந்தன.

வியாழக்கிழமை ஒகேனக்கல். காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரி, பென்னாகரம் வழியாகச் செல்ல இரண்டு மணி நேரம் ஆகிறது. பென்னாகரத்தைக் கடந்ததும் சாலை காட்டுக்குள் வளைந்து இறங்கத் தொடங்குகிறது. ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தின் கணக்கைத்தான். கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் காவிரி நீரை மத்திய நீர்வள ஆணையம் அங்கே அளக்கிறது. எத்தனை கன அடி வருகிறது என்ற செய்தியே அன்று பரிசல் ஓடுமா, அருவியில் குளிக்க விடுவார்களா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆடி மாதத்தில் வெள்ளம் பெருகினால் அருவிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். அப்போது தொலைவில் நின்று பார்ப்பதோடு சரி. நாங்கள் போன தை மாதத்தில் நீர் குறைவு. குடும்பத்தோடு செல்பவர்களுக்கு இந்தக் குறைந்த நீரே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் பாறைகளின் உருவம் அப்போதுதான் கண்ணுக்குக் கிடைக்கிறது.

கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் நம் கல்தான். புகையும் கல் என்ற பெயரின் பொருத்தம் பரிசலில் ஏறி அருவியின் அருகே சென்றபோது விளங்கியது. நீர் விழும் இடத்திலிருந்து எழும் திவலை நிழற்பகுதியில் உண்மையாகவே புகைபோல் மிதக்கிறது. மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டமான பரிசலுக்கு முன்காலத்தில் தோல் போர்த்தியிருந்தார்கள். இப்போது நெகிழித்தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள். உயிர்காப்பு உடை எல்லோருக்கும் கட்டாயம். இருபுறமும் செங்குத்தாக உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு இடையில், ஒற்றைத் துடுப்பால் பரிசலைச் செலுத்திக்கொண்டே, "அந்தப் பக்கம் கர்நாடகா, இந்தப் பக்கம் நம்மது, தண்ணி ரெண்டு பேருக்கும் நடுவுல" என்று பரிசல்காரர் சொன்னார். இந்தப் பகுதியில் உள்ள கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறைகள் ஏறத்தாழ 240 கோடி ஆண்டு பழமையானவை என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். அந்த எண்ணை மகளிடம் சொன்னபோது, அவள் பரிசல் சுவரோரம் நெருங்கிய ஒரு கணத்தில் கையை நீட்டிப் பாறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மீன் கடையில் கட்லா வாங்கி, கரையோரம் அடுப்பு வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் கொடுத்தோம். நாம் அருவிக்குப் போய்த் திரும்புவதற்குள் குழம்பும் வறுவலும் செய்து வைத்திருப்பார்கள். சமையலுக்குத் தனிக் கூலி. எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடம் மகனையும் என்னையும் ஒப்படைத்துவிட்டு அருவியின் கீழ் நின்றபோது, தோளில் விழுந்த நீரின் கனம் என்னைப் பாறையோடு சாய்த்தது. வார நாளில் செல்ல முடிந்தவர்கள் அப்படியே செல்லுங்கள். விடுமுறைக் கூட்டத்தில் குளிக்கும் இடம் நெருக்கடியாகிவிடுகிறது, பாறையெங்கும் ஷாம்பு உறைகள் கிடக்கின்றன. அவற்றில் எங்களால் முடிந்ததைப் பொறுக்கி ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தோம்.

ஒகேனக்கல்லைப் பற்றி எழுதும்போது அருவியை மட்டும் எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பா பாலக்கோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவர் சிரிக்கும்போது முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரியும். அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் இருந்த மிகுதியான புளோரைடு விட்டுச்சென்ற தடம் அது. அளவு கூடிய புளோரைடு பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் பல்லோடு நில்லாமல் எலும்பையும் மூட்டையும் கெடுக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் அமைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டு, காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் குழாயில் வந்தது. தோப்பு வாசலில் இருக்கும் குழாயைச் சித்தி "ஒகேனக்கல் குழாய்" என்றே சொல்கிறார். அன்று பகலில் எங்கள் தலையில் விழுந்த ஆற்றின் நீரையே இரவு சொம்பில் பிடித்துக் குடித்தோம். என் பிள்ளைகளின் பற்கள் வெள்ளையாக இருப்பதைச் சித்தப்பா பலமுறை கவனித்திருப்பார் என்று அப்போது தோன்றியது. அவர் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நெடுந்தூரம் போக வேண்டாம் என்று அரூர் அருகேயுள்ள தீர்த்தமலைக்குச் சென்றோம். அருணகிரிநாதர் பாடிய தலம். படியேறிச் சென்றால் பாறையின் உச்சியிலிருந்து மெல்லிய இழையாக இராமதீர்த்தம் விழுகிறது. முந்தின நாள் கேட்ட பேரிரைச்சலுக்குப் பிறகு, அந்த ஒற்றை இழையின் சத்தத்தைக் கேட்பதற்குக் காதைத் தீட்ட வேண்டியிருந்தது. அம்மா அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை தென்பெண்ணைக் கரையில் நடந்தபோது, இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டாள். நந்திமலைப் பக்கம் தோன்றி, ஓசூர் வழியாக வந்து, கிருஷ்ணகிரி அணையில் தேங்கி, இங்கே வந்து, பிறகு சாத்தனூர் அணையைக் கடந்து கடலூரில் கடலில் சேர்கிறது என்று சித்தப்பா சொன்னார். அந்த இரண்டு அணைகளும் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கட்டப்பட்டவை. நந்திமலை அடிவாரத்தில் ஒயினுக்காகவே திராட்சை வளர்க்கும் பண்ணை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்த அவர், அதைப் பார்த்துவர வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்பட்டிருக்கிறார். முன்பு அரை ஏக்கரில் பன்னீர் திராட்சை பந்தல் போட்டு, அடிச்சாம்பல் என்னும் இலை நோயால் இரண்டே ஆண்டில் கொடியை வெட்டி எறிந்தவர் அவர். குடியரசு நாளில் கர்நாடகத்திலும் மதுவுக்குத் தடை என்பதால் பயணத்தைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தோம்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பெங்களூரு நெரிசலையும் கடந்து தொட்டபள்ளாபுரம் சேர மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒயின் ஆலைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வது சரிதானா என்று அம்மா முதல்நாள் தயங்கினார். ஆனால் காரில் போகும்போது அவரே பேரப்பிள்ளைகளுக்கு அதியமான் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அவன் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டில், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட எங்களோடு மகிழ்ந்து குடிப்பான் என்று வருவதைச் சொல்லி, "நம்ம தகடூர்க்காரன்டா அவன்" என்று முடித்தார். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர்.

நாங்கள் பார்த்தது 1988இல் தொடங்கப்பட்ட குரோவர் நிறுவனத்தின் தோட்டம். கட்டணம் செலுத்தினால் தோட்டம், ஆலை, சுவைகூடம் மூன்றையும் சுற்றிக் காட்டுகிறார்கள். தோட்டத்துக்குள் கால் வைத்ததும் சித்தப்பா குனிந்து மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். நம் ஊர்ச் செம்மண்தான். தலைக்கு மேல் பந்தல் இல்லாமல் கம்பி வேலிபோல் நெட்டாகக் கட்டி, அதன்மேல் கொடிகளை நிமிர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். ஒயின் திராட்சை, நாம் சந்தையில் வாங்கும் திராட்சையைவிடச் சிறியது, தோல் தடித்தது, விதை உள்ளது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தானே இலை உதிர்த்து உறங்குகிறது; நம் நாட்டின் வெப்பத்தில் அது உறங்காது. ஆகவே கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தின் இறுதியை ஒட்டி ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு முறை கொடியை வெட்டிக் கவாத்து செய்து, அறுவடையை மட்டும் தை முதல் பங்குனி வரையான வறண்ட மாதங்களுக்குள் ஒருமுறையாக வைத்துக்கொள்கிறார்கள். மழையில் பழுத்தால் நோய் தாக்கும், இனிப்பும் நீர்த்துவிடும். தாம் பன்னீர் திராட்சையை இழந்ததற்கு அங்கேதான் காரணம் கிடைத்ததாகச் சித்தப்பா பிறகு சொன்னார். அவருக்குப் பெரிய வியப்பு இன்னொன்று: கொடியில் குலைகள் மிகுந்தால் சிலவற்றை வேண்டுமென்றே கிள்ளி எறிந்துவிடுகிறார்களாம், எஞ்சிய பழத்தில் சுவை திரள வேண்டும் என்பதற்காக. காய்த்த கிளைக்கு முட்டுக் கொடுத்துக் காப்பாற்றியே பழகிய மாந்தோப்புக்காரர் அவர். அதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

ஆலையில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட எவர்சில்வர் கலன்கள் வரிசையாக நின்றன. எந்தத் திராட்சையின் சாறும் பெரும்பாலும் நிறமற்றதுதான். கறுப்புத் திராட்சையைத் தோலோடு சேர்த்துப் புளிக்கவிட்டால் சிவப்பு ஒயின், சாற்றைத் தோலிலிருந்து பிரித்துப் புளிக்கவைத்தால் வெள்ளை ஒயின். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் தருவதை வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது, "பாட்டி தோசை மாவு பொங்குறது மாதிரியா?" என்று மகன் கேட்டான். அங்கே வேலை செய்வது ஈஸ்ட், இட்லி மாவில் பெரும்பங்கு பாக்டீரியாக்கள். ஆனாலும் கேள்வி சரியான திசையில்தான் இருந்தது. குளிர்ந்த நிலவறையில் ஓக் மரப் பீப்பாய்கள் கிடந்தன. அந்த அறையின் ஈரமும் மரமும் பழமும் கலந்த வாசனை இன்னும் என் நினைவில் இருக்கிறது.

கார் ஓட்ட வேண்டியிருந்ததால் நான் சுவைக்கவில்லை. சித்தப்பா மட்டும், சொல்லிக்கொடுத்தபடி கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறு எடுத்து, "துவர்க்குது. மாவடு கடிச்ச மாதிரி" என்றார். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்ற பொருள்தான் அந்தத் துவர்ப்பு என்று வழிகாட்டி விளக்கினார். தமிழ்நாட்டு எல்லைக்குள் வெளிமாநில மது கொண்டுவருவது சட்டச் சிக்கல் என்பதால் புட்டி எதுவும் வாங்கவில்லை. நந்திமலைமேல் ஏற அன்று பெருங்கூட்டம். கீழிருந்தே மலையைக் காட்டி, உன் ஆறு அந்தப் பக்கத்திலிருந்துதான் புறப்படுகிறது என்று மகளிடம் சொன்னோம்.

திரும்பும் வழியில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னவளும் அவள்தான். பெங்களூருவின் கழிவுநீரும் ஆலைக் கழிவுகளும் இந்த ஆற்றில் கலப்பதால், அணையிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில் வெள்ளை நுரை திரண்டு நிற்கிறது. நாற்றமும் இருந்தது. காலையில் நந்திமலையைக் காட்டிச் சொன்ன அதே ஆறு இது என்பதை அவளுக்குச் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. இந்த நீர்தான் கிருஷ்ணகிரிக்கும் வருகிறது, சித்தப்பாவின் தோப்போரமும் ஓடுகிறது. மலைப்பகுதியில் கொடிக்குக் கொடி சொட்டுநீர் அளந்து விடுகிறார்கள். ஒரு நகரத்தைக் கடப்பதற்குள் அதே ஆற்றின் நிலை இப்படி ஆகிவிடுகிறது. தோப்புக்கு வந்து சேரும்வரை காரில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடாரங்களைக் கழற்றி வெயிலில் உலர்த்தினோம். பிசின் படிந்த துணியை வெந்நீரில் துடைத்தால் போய்விடுகிறது. சித்தப்பா செந்தூரா மரங்களின் பூங்கொத்துகளை ஒவ்வொன்றாகத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றில் கடுகளவுப் பிஞ்சு கட்டியிருந்தது. மகள் வழிப்பயணத்துக்கு ஒகேனக்கல் குழாயில் பாட்டில்களை நிரப்பினாள். "ஆனி மாசம் பெங்களூரா அறுப்புக்கு வந்துருங்க, கூடாரத்த எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க" என்று சித்தி சொன்னார். உலர்ந்த மூன்றையும் மடித்து, எலி கடிக்காதபடி மோட்டார் அறையின் பரண்மேல் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.