கோத்தகிரியில் கணினி, குன்னூரில் திரை: லினக்ஸ் ரிமோட் டெஸ்க்டாப் அமைத்த விவரம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை ஃபேக்டரி. அலுவலக அறையில் உபுண்டு 22.04 (லினக்ஸ்) போட்ட ஒரே ஒரு கணினி. இலைக் கணக்கும் சிறு விவசாயிகளுக்கான பட்டுவாடாவும் அதில்தான். கணக்கு பார்ப்பவர் இருப்பது குன்னூரில். நடுவில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மழையில் ரோட்டில் மரம் சாய்ந்துவிட்டால் அதுவே அரைநாள் பயணம். குன்னூர் லேப்டாப்பிலிருந்து அந்தக் கணினியின் திரையைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. திரையைக் காட்டும் மென்பொருளை நிறுவ ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. கரண்ட் போய் வந்த பிறகு யாரும் தொடாமலே அது மீண்டும் கிடைக்க வேண்டுமே, மீதி நாட்களை எல்லாம் அதுதான் தின்றது.

முதலில் பாதை. ஃபேக்டரியில் இருப்பது சிம் போடும் 4ஜி ரவுட்டர். அதன் நிலைப் பக்கத்தில் காட்டிய வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தது. வெளித்தளம் ஒன்றில் பார்த்தால் முகவரி வேறு. அதாவது ஒரே வெளிமுகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்குபோட்டுக்கொள்ளும் சிஜிநாட். இதில் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்வது வீண்வேலை, வெளியிலிருந்து வரும் இணைப்பு ரவுட்டர் வரைக்கும் வந்தே சேராது. வந்து சேரும் இடத்திலும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. அதைத் தேடிக்கொண்டே ஊர் சுற்றும் நிரல்கள் ஏராளம்.

ஆகவே வெளியே ஒரு சிறு விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கணினி) எடுத்து, இரண்டு பக்கமும் வயர்கார்டு என்ற குறியாக்கப்பட்ட தனிவழி (டன்னல்) மூலமாக அதனிடம் போய்ச் சேரும்படி அமைத்தோம். விபிஎஸ்ஸுக்கு 10.8.0.1, ஃபேக்டரிக்கு 10.8.0.2, லேப்டாப்புக்கு 10.8.0.3. லினக்ஸ் கெர்னல் 5.6 முதல் வயர்கார்டு உள்ளேயே இருப்பதால் கருவித் தொகுப்பை மட்டும் நிறுவினால் போதும். விபிஎஸ்ஸின் ஃபயர்வாலில் யுடிபி 51820 திறந்திருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு முனைகளையும் பிங் செய்ய முடிகிறது, ஆனால் முனைகள் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை என்றால் விபிஎஸ்ஸில் ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு முனையின் பாக்கெட்டை மறுமுனைக்குக் கடத்துவதை) இயக்க மறந்திருக்கிறோம் என்று பொருள். பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 நொடி என்று இரு முனைகளிலும் போட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சில்லாத நேரத்தில் சிஜிநாட் வழியை மூடிவிடும்.

இரண்டு தடங்கல்கள் வந்தன. ஒன்று எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை வரியில் நுழைவது) நன்றாக ஓடியது, ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் உள்நுழைந்ததும் உறைந்தது. சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது வழியில் விழுகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். வழக்கமான 1420-ஐ 1280 ஆக்கியதும் சரியானது. இன்னொன்று எண்ட்பாயிண்ட், அதாவது வயர்கார்டு போய்ச் சேர வேண்டிய முகவரி. அங்கே விபிஎஸ்ஸின் பெயரைக் கொடுத்திருந்தோம். கரண்ட் வந்ததும் கணினி சட்டென்று எழுந்துவிடுகிறது. ரவுட்டர் டவரைப் பிடிக்க அதைவிட நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக்கும் சேவை) கிடைக்காமல் வயர்கார்டு சேவை தோற்று நின்றுவிட்டது, பிறகு தானாக எழவில்லை. பெயருக்குப் பதில் எண் முகவரியைக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அலவ்டு ஐபிஸ் (எந்த முகவரிகளுக்கான போக்குவரத்து டன்னலில் போக வேண்டும் என்ற பட்டியல்) இடத்தில், எல்லாப் போக்குவரத்தும் டன்னல் வழியே போகட்டும் என்று ஃபேக்டரிப் பக்கம் 0.0.0.0/0 போட்டோம். அது ஏன் தப்பு என்று கடைசியில்தான் தெரிந்தது.

இனி திரை. உபுண்டு 22.04-இல் ஜினோம் 42 டெஸ்க்டாப் வருகிறது. செட்டிங்ஸில் ஷேரிங் என்ற இடத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறை) உடனே வேலை செய்யும். பார்க்க அழகு, மலைக்கு ஆகாது. யாராவது உள்நுழைந்திருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். திரை பூட்டிக்கொண்டால் இணைப்பு அறும். சரி, ஆட்டோ லாகின் வைப்போம் என்றால், கடவுச்சொல் அடிக்காமல் உள்ளே வந்ததால் கீரிங் (கடவுச்சொற்களைச் சேர்த்து வைக்கும் பெட்டகம்) பூட்டியே கிடக்கும். ஆர்டிபிக்கான கடவுச்சொல் இருப்பதோ அந்தக் கீரிங்குக்குள்! (24.04-இல் வரும் ஜினோம் 46-இல் ரிமோட் லாகின் என்று தனியாகவே ஒன்று உண்டு. புதிதாக நிறுவுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.)

நாங்கள் எக்ஸ்ஆர்டிபி என்ற ஆர்டிபி சர்வருக்குப் போனோம். இது யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை, தனக்கென ஒரு புதிய செஷனைத் திறந்துகொள்கிறது. மானிட்டர் இல்லாவிட்டாலும் ஓடும். எக்ஸ்ஆர்டிபி, அதனுடன் எக்ஸ்ஆர்க் எக்ஸ்ஆர்டிபி, இலகுவான டெஸ்க்டாப்பாக எக்ஸ்எஃப்சிஇ மூன்றையும் நிறுவி, எக்ஸ்ஆர்டிபி பயனரை எஸ்எஸ்எல்-செர்ட் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சான்றிதழின் தனிச்சாவியைப் படிக்க முடியவில்லை என்று லாகில் புலம்பிக்கொண்டே இருக்கும். உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் 3389-ஐயும் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஐயும் 10.8.0.0/24-க்கு மட்டும் அனுமதித்தோம்.

பிறகு எல்லோருக்கும் வரும் அந்தக் கறுப்புத் திரை. கடவுச்சொல் சரி, உள்ளே போகிறது, கறுப்பாகவே நின்று ஓரிரு நொடியில் அறுந்துவிடுகிறது. காரணம் எளிது. அதே பயனர் ஃபேக்டரித் திரையிலும் ஜினோமில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பயனருக்கு ஒரே டி-பஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் தடம்). இரண்டாவது டெஸ்க்டாப் எழும்போது அது ஏற்கெனவே ஆள் இருக்கும் வீடாகத் தெரிந்து வெளியேறிவிடுகிறது. எக்ஸ்ஆர்டிபி செஷனைத் தொடங்கும் ஸ்டார்ட்டபிள்யூஎம் ஸ்கிரிப்டில் டி-பஸ் முகவரி, எக்ஸ்டிஜி ரன்டைம் டைரக்டரி என்ற இரண்டு மாறிகளையும் கடைசி வரிகளுக்கு முன் அன்செட் செய்யச் சொல்வது பரவலான வைத்தியம். வேலை செய்யும், ஆனால் ஒட்டுப்போட்டது போலத்தான். தொலைவிலிருந்து வருகிறவருக்கு என்று தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, கணக்குக் கோப்புகளை இருவருக்கும் பொதுவான குழுவில் வைத்ததுதான் நிலையான தீர்வு. அந்தப் புதிய பயனரின் ஹோமில் எக்ஸ்செஷன் என்ற புள்ளிக் கோப்பில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் என்று ஒரே வரி.

லேப்டாப்பில் திரையைப் பார்க்க ரெமினா என்ற நிரல். 4ஜியில் இழுவை குறைய நிற ஆழத்தை 16 பிட் ஆக்கி, வால்பேப்பரை எடுத்து, எக்ஸ்எஃப்சிஇயின் காம்போசிட்டரையும் (சாளர நிழல் போன்ற அலங்காரங்களைச் சேர்ப்பது) நிறுத்தினோம். இதில் ஒரு கண்ணி உண்டு. எக்ஸ்ஆர்டிபி பழைய செஷனை அடையாளம் காண்பது பயனர் பெயரையும் நிற ஆழத்தையும் சேர்த்துத்தான். ஒரு லேப்டாப்பில் 16, இன்னொன்றில் 32 என்று இருந்தால் இரண்டாவது முறை புதிய செஷன் திறக்கும். திறந்து வைத்த தாள் காணோமே என்று தேடிவிட்டு மறுபடி திறந்தால், கோப்பை வேறொருவர் வைத்திருக்கிறார் என்று லிப்ரே ஆபீஸ் சொல்லும். அந்த வேறொருவரும் நாமேதான்.

தமிழில் தட்டுவது தனிக்கதை. ஆர்டிபி பொதுவாக எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை அனுப்புகிறது. லேப்டாப்பில் தமிழ்99 விசைப்பலகையை ஆன் செய்துவிட்டுத் தட்டினால் அந்தப் பக்கம் ஒன்றும் விழாது, அல்லது வேறெதோ விழும். லேப்டாப்பு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஃபேக்டரிக் கணினியில் தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவி, ஐபஸ் டீமனை எக்ஸ்எஃப்சிஇயின் தொடக்கப் பட்டியலில் சேர்த்து, தமிழ்99-ஐ அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். மொழி மாற்றும் விசைச்சேர்க்கையை உள்ளூர் டெஸ்க்டாப்பு விழுங்கிவிடாமல் இருக்க ரெமினாவில் விசைப்பலகையைப் பிடித்துவைக்கும் பொத்தானை அழுத்திக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் இருப்பவர் பார்க்கும் அதே திரையை நாமும் பார்த்து வழி சொல்ல வேண்டுமென்றால் எக்ஸ்ஆர்டிபி உதவாது. அதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் திரையையே விஎன்சி முறையில் காட்டும் எக்ஸ்11விஎன்சி. ஜிடிஎம் (உள்நுழைவுத் திரை) அமைப்பில் வேலண்டை நிறுத்தி ஜினோமைப் பழைய காட்சி அமைப்பான எக்ஸ்ஆர்க்கில் ஓட விட்டு, எக்ஸ்11விஎன்சியை லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கச் செய்து, விஎன்சியின் 5900 போர்ட்டை எஸ்எஸ்ஹெச் டன்னலில் கொண்டுவந்தோம். டன்னல் கட்டாயம். விஎன்சி கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகளைத்தான் பார்க்கும்.

கடைசியாகக் கரண்ட். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கம்பியில் மரம் விழுவதும் மணிக்கணக்கில் இருட்டாகக் கிடப்பதும் சகஜம். யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. பயாஸில் ஏசி பவர் லாஸ் என்ற இடத்தில் பவர் ஆன் என்று வைத்தோம். லாஸ்ட் ஸ்டேட் என்று வைத்தால், ஒழுங்காக அணைக்கப்பட்ட கணினி அணைந்தே கிடக்கும். அதோடு ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட், ஹைப்ரிட்-ஸ்லீப் நான்கு டார்கெட்டுகளையும் சிஸ்டம்டியில் மாஸ்க் செய்து முடக்கினோம். வட்டைக் குறியாக்கம் செய்திருந்தால் பூட் நடுவில் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும், அதற்கு அங்கே ஆள் வேண்டும்.

யுபிஎஸ்ஸைக் கணினியோடு யுஎஸ்பியில் இணைத்துத் தானாக அணையச் செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி அணைந்த பின்பும் யுபிஎஸ் வெளியீட்டைத் துண்டிக்காமல் இருந்து, அதற்குள் கரண்ட் வந்துவிட்டால், மதர்போர்டைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. எழ வேண்டிய காரணமும் இல்லை. அணைக்கும் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸையும் துண்டிக்கும் வசதி நட் (NUT) மென்பொருளில் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் பயாஸின் ஆர்டிசி அலாரத்தைத் தினமும் காலை 8 மணிக்கு வைத்தோம்.

சோதனைக்கு மெயின் சுவிட்சையே அணைத்து, யுபிஎஸ் செத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டோம். ஒருமுறை இரண்டு நிமிடத்தில் குன்னூரில் திரை வந்தது. அடுத்த முறை அரைமணி நேரம் எதுவுமே இல்லை, பிறகு தானாக வந்தது. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. கடிகாரம் தொலைந்ததால், நேரத்தைச் சரிபார்க்கும் டைம்சிங்க்டி சேவை கடைசியாக வட்டில் குறித்து வைத்திருந்த நேரத்திலிருந்து கணினி நாளைத் தொடங்கியது. அந்தக் குறிப்பு கரண்ட் போனதற்கும் சற்று முந்தியதாக இருக்கலாம். வயர்கார்டு ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை வைக்கும். முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையை விபிஎஸ் சத்தமில்லாமல் தள்ளிவிடும். நேரத்தைத் திருத்த வேண்டிய என்டிபியோ, நாங்கள் போட்ட அந்த 0.0.0.0/0-ஆல், எழாத டன்னலுக்குள் சிக்கிக்கொண்டது. அலவ்டு ஐபிஸை 10.8.0.0/24 ஆக்கி, புது பேட்டரி போட்டோம். அதன் பிறகு மெயினை மூன்று முறை அணைத்துப் போட்டும் ரவுட்டர் டவரைப் பிடித்த கையோடு திரை வந்துவிட்டது.