ஓரியூருக்கு ஒரு நேர்ச்சை

இராமநாதபுரம் சீமையின் ஓரியூரில் வேதசாட்சியாக உயிர்விட்ட புனித அருளானந்தருக்கு (ஜான் டி பிரிட்டோ) நேர்ந்துகொண்டவர் என் மாமியார். நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். என் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, பிறந்த பேரன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் அத்தை ஆஸ்பத்திரி வராண்டாவை விட்டு அசையவே இல்லை. செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, "பிள்ளை பிழைச்சு வீடு வந்து சேரட்டும் சாமி, உங்க மண்ணுல அவனுக்கு முதல் மொட்டை போடுறேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். பிள்ளை வந்தான், தவழ்ந்தான், நடக்கவும் ஆரம்பித்தான். அதைப் பார்த்த சந்தோஷத்தோடு அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்து, "கடனை வச்சுட்டுப் போறேன், நீ தீர்த்துரு" என்றார்.

அதனால் இந்த மே மாதம், ஒரு புதன்கிழமை, கிளம்பினோம். ஓரியூருக்கு எங்கள் வீட்டில் புதன்கிழமைதான் போவது. அருளானந்தர் தலை வெட்டப்பட்ட 1693 பிப்ரவரி 4 ஒரு புதன். அதிலும் அது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன்.

மகள், மருமகன், பேரன், நான். கூட எதிர்வீட்டு அக்காவும் அவர் மகனும். அக்கா குடும்பம் மீனாட்சியைக் கும்பிடுகிற குடும்பம். அவர் மகன் சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினான். என் மகன் வெளிநாட்டில் இருந்து வர முடியாமல் போனதும், "தாய்மாமன் மடிக்கு நான் உக்கார்றேன் டீச்சர்" என்று அவனே முன்வந்தான். "அப்போ நானும் வர்றேன்" என்றார் அக்கா.

அக்காவோடு எனக்குப் பழக்கம் வெகு காலமாக உண்டு. நம்பிக்கை பற்றிய பேச்சு மட்டும் மெதுவாகத்தான் வந்தது. ஞானஒளிவுபுரத்தில் காலைப் பூசை முடித்து, நெற்றியில் சாம்பலோடு நான் தெருவில் வந்த ஒரு திருநீற்றுப் புதன்கிழமை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கும் திருநீறு உண்டா?" என்று கேட்டார். மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிப் பூசுவார்கள் அக்கா என்றேன். "எங்க அப்பாரும் அதைத்தான் சொல்லுவாரு" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி வர ரொம்ப நாள் ஆனது. எங்கள் வீட்டு நடையில் மாட்டியிருக்கும் பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை, பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இப்படியே தொங்குறாரே, பார்க்க மனசு கேட்கலையே. யாரும் இறக்கி விடக்கூடாதா?" என்றார். பிறந்ததிலிருந்து அந்தச் சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு வளர்ந்தவள் நான். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு, அன்று இரவிலிருந்து மாற்கு நற்செய்தியில் பாடுகளின் பகுதியை நிதானமாக வாசித்தேன். சிலுவையை விட்டு இறங்கி வா, நாங்கள் நம்புகிறோம் என்று சுற்றி நின்றவர்கள் பழிக்கிறார்கள். அவர் இறங்கவில்லை. அந்த இடத்தில் பல நாள் நின்றேன். பிறகு அக்காவிடம், "மாமாவுக்குக் கால் எடுத்தப்ப ஆஸ்பத்திரி தரையில விடிய விடிய உக்காந்திருந்தீங்களே, வீட்டுக்குப் போய்ப் படுங்கன்னு எல்லாரும் சொல்லியும் போகலையே, அப்படித்தான் அக்கா அவரும்" என்றேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியால் வளர்ந்தது நான்தான். வருஷம் தவறாமல் சிலுவைப்பாதை செய்தும் எனக்குள் திறக்காத ஒரு கதவை அக்கா திறந்துவிட்டார்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. மாமா படுக்கையில் கிடந்தபோது எங்கள் உறவுக்காரர் ஒருவர் துண்டுப் பிரதிகளோடு அந்த வீட்டுக்குப் போய், நீங்கள் கும்பிடும் சாமிகளால்தான் இந்த நோய் என்று பேசிவிட்டு வந்தார். அக்கா அழுதுகொண்டு கதவைச் சாத்தினார். என்னோடும் சில வாரம் பேச்சில்லை. கஞ்சித் தூக்கோடு தினமும் அந்த வாசலில் போய் நின்றுதான் பழைய உறவு திரும்பியது. கேட்பவர்களுக்குப் பணிவோடும் மரியாதையோடும் பதில் சொல்லுங்கள் என்று புனித பேதுரு எழுதியிருக்கிறார். பணிவையும் மரியாதையையும் விட்டுவிட்டுச் சொல்வதை நற்செய்தி என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த மதுரைக்கு 1606இல் வந்த தத்துவ போதகர், இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, ஒரு பள்ளி வாத்தியாரோடு நாள்கணக்கில் உட்கார்ந்து பேசித்தான் முதல் மனிதருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். இந்த ஊரிலேயே நடந்த விஷயம் நமக்கே மறந்துபோகிறது.

பயணத்துக்கு வருகிறேன். மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரைக்கே கூட்டம். முகூர்த்த நாள் போல. சிவகங்கை வரை பேரனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றோம். காளையார்கோவில் கோபுரம் தெரிந்ததும் அக்கா இருக்கையிலிருந்தே கைகூப்பினார். நானும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். திருவாடானையில் இறங்கினால் வெயில் சுட்டது. ஓரியூருக்கு பஸ் இப்போதுதான் போனது என்று சொல்லி ஒருவர் வேனுக்கு வாய்க்கு வந்த தொகை கேட்டார். பிள்ளையைத் தூக்கி நிற்பவர்களைப் பார்த்தால் அவர்களுக்குக் கேட்க வாய் கூசாது போலிருக்கிறது. நாங்கள் ஏறவில்லை. சற்று நேரத்தில் பஸ் வந்தது. திருத்தலத்துக்கு வெளியே மெழுகுவர்த்தி, மண் பொட்டலம் என்று கையைப் பிடித்து இழுத்தவர்களுக்கும் கோவிலுக்கும் சம்பந்தம் கிடையாது. மண்ணை நாமே எடுத்துக்கொள்ளலாம், புதிதாகப் போகிறவர்கள் ஏமாறாதீர்கள்.

மொட்டை போடும் இடத்தில் வரிசை நீண்டிருந்தது. பேரன் அக்கா மகன் மடியில் உட்கார்ந்து, கத்தி பட்டதும் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதான். அக்கா மகன் அவன் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்தான். அழுகை நின்றது. அத்தை பார்த்திருக்க வேண்டும். பார்த்திருப்பார்.

சந்தனம் பூசிய தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புனிதர் முன்னால் போய் நின்றபோதுதான் அருளானந்தரின் அம்மா எனக்கு நினைவுக்கு வந்தார். லிஸ்பனில் அரண்மனைப் பிள்ளையாக வளர்ந்தவர் அருளானந்தர். சிறுவயதில் பிழைக்கமாட்டார் என்னும் அளவுக்கு நோயில் விழுந்தபோது, பிள்ளை தேறினால் ஒரு வருஷம் அவனுக்கு இயேசு சபையாரின் அங்கியை உடுத்திவிடுகிறேன் என்று அவர் அம்மா சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை தேறினான், நேர்ந்தபடியே அங்கி உடுத்தி நடந்தான். அந்த நேர்ச்சை எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கள், இந்த மறவர் சீமைக்கு! ஆஸ்பத்திரி வராண்டாவில் அத்தை கேட்டதும், அந்தத் தாய் கேட்டதும் ஒரே பிச்சைதான். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

பிறகு செம்மண்ணில் போய் உட்கார்ந்தோம். அவர் சிந்திய இரத்தத்தால் சிவந்த மண் என்பது எங்கள் நம்பிக்கை. அக்கா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதை கேட்டார். சொன்னேன். 1686இல் பிடித்து, சித்திரவதை செய்து, இனி இந்தச் சீமையில் போதிக்கக்கூடாது என்று விரட்டியதை. ஊருக்குப் போனவரை அங்கேயே இருக்கும்படி போர்ச்சுகல் மன்னர் கேட்டதை. அதை விட்டுவிட்டு 1690இல் திரும்பி வந்ததை. நோயில் கிடந்த மறவர் சீமை இளவரசர் தடியத் தேவர் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது முதலில், வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓர் உபதேசியாரை அனுப்பியதை. அந்த உபதேசியார் தலைமாட்டில் நற்செய்தி வாசித்து செபித்தார், தேவர் எழுந்தார். திருமுழுக்குக் கேட்ட தேவரிடம், ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்பதை அருளானந்தர் மறைக்காமல் சொன்னார். விலக்கி வைக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் அந்தச் சீமையின் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அதனால்தான் இந்த மரணம். எனக்கு அந்த உபதேசியார் மேல் தனிப் பாசம் உண்டு. அவருக்குத் தேரும் கொடியும் இல்லை. அவர் வாசித்ததால்தான் எல்லாம் தொடங்கியது.

"சாகப்போறப்ப வெட்ட வந்தவனைச் சபிச்சாரா?" என்று கேட்டார் அக்கா.

இல்லை அக்கா, என் செபம் முடிந்தது, உன் வேலையை நீ செய் என்று அமைதியாகச் சொன்னார் என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் என்றேன்.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. கையிலிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எங்க கொழுந்தனார் சொத்துல பண்ணின அநியாயத்துக்கு நான் விளக்கேத்துற ஒவ்வொரு நாளும் அவரைச் சபிச்சுக்கிட்டே இருக்கேன் டீச்சர். சாமி முன்னாடியே சபிக்கிறேன்" என்றார். கண்ணீர் அந்த மண்ணில் விழுந்தது. எனக்கு வாயில் எத்தனையோ வசனம் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அங்கே நடந்துகொண்டிருந்தது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில். என் முந்தானையை மட்டும் கண்ணைத் துடைக்கக் கொடுத்தேன். ஆண்டவரே, இதைப் பார்க்க என்னை வைத்தீரே, இதற்கு நான் என்ன கைமாறு செய்வேன்!

பூசை, நற்கருணை ஆசீர், சாப்பாடு எல்லாம் நல்லபடியாக நடந்தது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் அருளானந்தர் புண்ணியம்தான். மானாமதுரைக்காரர் ஒருவர் எழுந்து பிள்ளைக்காக இடம் கொடுத்தார், அவர் குடும்பம் நன்றாயிருக்கட்டும். சிவகங்கை தாண்டியதும் அக்கா, "பெரிய எழுத்துல உங்க புத்தகம் இருந்தா கொடுங்க டீச்சர், நானே வாசிச்சுப் பார்க்குறேன்" என்றார். மறுநாள் அத்தையின் புதிய ஏற்பாட்டை எடுத்துக் கொடுத்தேன். அத்தை பென்சிலால் கோடு போட்ட புத்தகம். லூக்காவிலிருந்து தொடங்குங்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார். ஊதாரி மகன் கதையை வாசித்திருக்கிறார். "வெளியே கோவிச்சுக்கிட்டு நின்னானே மூத்தவன், அப்பா வந்து கெஞ்சினாரே, கடைசில அவன் உள்ள போனானா இல்லையா? அதை எழுதலையே" என்றார். நானும் போய் மறுபடி வாசித்தேன். எழுதவில்லைதான். ஞாயிற்றுக்கிழமை பாதரிடமும் கேட்டுவிட்டு வருகிறேன் அக்கா என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் கொழுந்தனார் பேரனுக்குக் காது குத்து வைத்துப் பத்திரிகை வந்திருக்கிறதாம். போவதா வேண்டாமா என்று அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை.

அருளானந்தரே, அத்தையின் கடனைத் தீர்க்க வைத்ததற்கு நன்றி. பேரனுக்கு முடி நன்றாக முளைத்துவிட்டது. இதை வாசிக்கிறவர்கள் அவனுக்காகவும், அக்காவுக்காகவும், அந்தக் கொழுந்தனார் வீட்டுக்காகவும் ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.