பத்திரம் கையில், பதிவு எங்கே? டெக்சாஸ் கிராமத்து நிலவரி அனுபவம்

2022 அக்டோபரில் நானும் மனைவியும் டெக்சாஸில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போல) 14 ஏக்கர் நிலம் வாங்கினோம். ஆஸ்டினிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். புல்வெளி, ஓரத்தில் ஓக் மரங்கள், நடுவில் மாடுகளுக்காக வெட்டிய குட்டை. அன்று இரவே கும்பகோணம் பக்கத்து எங்கள் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "பட்டா மாத்தியாச்சா?"

"இங்கே பட்டாவெல்லாம் கிடையாதுப்பா, டைட்டில் கம்பெனியே எல்லாத்தையும் முடிச்சிடும்" என்றேன். வில்லங்கம் பார்ப்பது, அந்த ஆண்டின் வரியை விற்பவருக்கும் எங்களுக்கும் நாள் கணக்கில் பிரிப்பது, பத்திரத்தைப் பதிவுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் அவர்கள் செய்தார்கள். ஆனால் அப்பாவின் கேள்விக்கு உண்மையான பதில் எனக்கு அன்று தெரியவில்லை. தெரிய எட்டு மாதம் ஆனது.

2023 ஜூனில் ஒரு பிறந்தநாள் விருந்தில், பக்கத்துக் கவுண்டியில் நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்க பேர்ல ஏஜி அப்ளிகேஷன் போட்டுட்டீங்கல்ல?" நான் விழித்தேன். ஏஜி என்றால் அக்ரிகல்ச்சர், விவசாயம். வாங்கும்போதே அந்த நிலத்துக்கு விவசாய வரிச் சலுகை இருந்தது, விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அது நிலத்தோடு வரும் என்று நினைத்திருந்தேன். வராது. உரிமையாளர் மாறினால் அந்தச் சலுகை முடிந்துவிடும். புதியவர் தன் பெயரில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான கெடு ஏப்ரல் 30. கெடு தாண்டி ஆறு வாரம் ஆகியிருந்தது.

அன்று இரவு வரிப் பதிவைத் தேட உட்கார்ந்தேன். முதலில் தடுமாறியது எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதில்தான். டெக்சாஸில் மூன்று இடங்கள் இருக்கின்றன. பத்திரங்களைப் பதிந்து வைப்பவர் கவுண்டி கிளார்க். நிலத்துக்கு மதிப்புப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. பணத்தை வாங்குவது டேக்ஸ் அசெசர்-கலெக்டர் அலுவலகம், வண்டிகளுக்கு நம்பர் பிளேட் தருவதும் அவர்களே. நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம், தாலுகா அலுவலகத்தில் பட்டா என்று பிரிந்திருப்பது போலத்தான். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக மற்ற அலுவலகத்தில் எல்லாம் நமக்கு ஏற்றபடி மாறியிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

நான் பார்க்க வேண்டியது அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் பதிவை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. நகரத்து வீடு என்றால் முகவரியைத் தட்டினால் போதும். எங்கள் காலி நிலத்துக்குக் கதவு எண்ணே கிடையாது. சாலையின் பெயரைப் போட்டால் பத்துப் பதினைந்து நிலங்கள் வந்தன, எங்களுடையது அதில் இல்லை. என் பெயரைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. மனைவியின் பெயருக்கும் அப்படியே. ஒரு கணம் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

பிறகுதான் பொறி தட்டியது. இங்கே பதிவுகளில் குடும்பப் பெயர் முதலில் வரும். எனக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அதைத் தட்டினேன். வந்துவிட்டது. வாழ்நாளில் அமெரிக்காவுக்கு வந்திராத என் அப்பாவின் பெயரில் தொடங்கி, 14 ஏக்கர். நம் பெயர்களை வைத்துக்கொண்டு இங்கே எதைத் தேடினாலும் முதலில் அப்பா பெயரைப் போட்டுப் பாருங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் வரைபடத்தில் போய் நிலத்தையே தொட்டுப் பாருங்கள். வரைபடத்தின் கோடுகளை மட்டும் நம்பி வேலி போட வேண்டாம். அது உத்தேசமானது. எங்கள் நிலத்தின் கோடு குட்டைக்குள் ஓடியது. அளவுக்கு சர்வேயர் தந்த வரைபடம்தான் கணக்கு.

பதிவைத் திறந்ததும் அடுத்த குழப்பம். முந்தைய ஆண்டுகளுக்கான வரிசைகள் எல்லாம் காலி. காரணம், எங்கள் நிலம் 62 ஏக்கர் கொண்ட பெரிய நிலத்திலிருந்து பிரித்து விற்கப்பட்டது. பிரித்ததும் புது எண் கொடுத்திருக்கிறார்கள், நம் ஊரில் 112/3 என்ற சர்வே எண் 112/3ஏ, 3பி என்று உட்பிரிவு ஆவதைப் போல. வரலாறு முழுக்கத் தாய் நிலத்தின் எண்ணில் இருந்தது. அதைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். நிலத்தின் வகைக் குறியீடு அங்கே டி1. எங்களுடையதில் இ. டி1 என்றால் விவசாயச் சலுகை பெற்ற திறந்தவெளி நிலம், இ என்றால் அந்தச் சலுகை இல்லாத கிராமப்புற நிலம். ஒரே ஓர் எழுத்து மாறியதற்கு என்ன விலை என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன்.

டெக்சாஸில் மாநில அரசு வருமான வரி வாங்குவதில்லை, சொத்து வரியும் வாங்குவதில்லை. உள்ளூர் அமைப்புகள்தான் வாங்குகின்றன. எங்கள் பதிவில் நான்கு பெயர்கள் இருந்தன: கவுண்டி, சாலைக்கான ஒரு தனி வரி, தீயணைப்பு மற்றும் அவசர சேவை மாவட்டம், பள்ளி மாவட்டம். பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது. எல்லாம் சேர்த்து 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் 80 சென்ட். நிலத்தின் சந்தை மதிப்பு 1,96,000 டாலர் என்று போட்டிருந்தார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 3,528 டாலர். சலுகை இருந்திருந்தால் சந்தை மதிப்பைப் பார்க்க மாட்டார்கள், அந்த மண்ணில் புல் விளைந்தால் என்ன வருமானம் வரும் என்பதை வைத்து மதிப்புப் போடுவார்கள். எங்களைப் போன்ற புல்வெளிக்கு அங்கே ஏக்கருக்குச் சுமார் 100 டாலர். 14 ஏக்கருக்கு 1,400 டாலர் மதிப்பு, வரி 25 டாலர் 20 சென்ட். ஒரு எழுத்து, மூவாயிரத்து ஐந்நூறு டாலர்.

எல்லாரும் இதை 'ஏஜி எக்செம்ஷன்' என்றுதான் சொல்கிறோம். வரிவிலக்கு என்று அந்தப் பெயர் நினைக்க வைக்கிறது, ஆனால் இது விலக்கு இல்லை, வேறு விதமான மதிப்பீடு. 1-டி-1 என்று இதற்குப் பெயர், மாநில அரசியல் சட்டத்தின் பிரிவு எண்ணிலிருந்து வந்தது. இந்த வேறுபாட்டை முதலிலேயே புரிந்துகொண்டிருந்தால் சலுகை தானாக வந்துவிடும் என்று நான் இருந்திருக்க மாட்டேன்.

ஏப்ரலில் மதிப்பீட்டு அறிவிப்பு தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். அதில் இதெல்லாம் இருந்திருக்கும். ஆனால் பத்திரத்தில் நாங்கள் கொடுத்தது பழைய அபார்ட்மென்ட் முகவரி. பிப்ரவரியில் வீடு மாறினோம், தபால் துறைக்கும் சொல்லவில்லை. இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கடிதம் வரவில்லை, பில் வரவில்லை என்பதெல்லாம் வரிச் சட்டத்தில் செல்லுபடியாகாது. பில் அக்டோபர் வாக்கில் வரும், ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். பிப்ரவரி 1 ஆனதும் அபராதமும் வட்டியும் சேர்த்து 7 சதவீதம் ஏறிவிடும், அதன் பிறகு மாதா மாதம் கூடும்.

மறுநாள் காலை அப்ரைசல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னும் கதவு மூடவில்லை" என்றார். மேல்முறையீட்டு வாரியம் அந்த ஆண்டின் பதிவுகளுக்கு ஒப்புதல் தருவது ஜூலையில். அதற்கு முன் கொடுத்தால் தாமதமான விண்ணப்பத்தையும் ஏற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அபராதம், சலுகையால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதம். எங்கள் கணக்குக்கு 350 டாலர். எனக்கு மூச்சு வந்தது.

விண்ணப்பத்தில் நிலத்தின் விவசாய வரலாற்றைக் கேட்கிறார்கள். கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகளாவது அந்த நிலம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும். எந்த ஆண்டு என்ன, எத்தனை ஏக்கரில் என்று எழுத வேண்டும். எழுதும்போதே தோன்றியது, இது அடங்கல்! ஒவ்வொரு பசலிக்கும் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைப்பாரே, அதை இங்கே உரிமையாளரே எழுதித் தர வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த நிலத்தின் கடந்த காலம் என்ன தெரியும்? ஆனால் பக்கத்து நிலத்துப் பெரியவருக்குத் தெரியும். பல வருடங்களாக அங்கே புல் அறுத்து உருளைகளாகக் கட்டி எடுப்பவர் அவர்தான், நாங்கள் வாங்கிய பிறகும் அவரே அறுக்கிறார். ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சு. அந்தச் சனிக்கிழமை நேரில் போனோம். தன் டிரக்கின் பானெட்டின் மேல் காகிதத்தை விரித்து, எந்த வருடம் எத்தனை உருளை என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஒரு பக்கக் குத்தகை ஒப்பந்தமும் போட்டுக்கொண்டோம். திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, எல்லாவற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், பெற்றுக்கொண்டதாகத் தேதி முத்திரையுடன் ஒரு நகல் வாங்கிக்கொண்டேன். முகவரி மாற்றப் படிவத்தையும் அங்கேயே நிரப்பினேன்.

போன கையோடு கவுண்டி கிளார்க் அலுவலகத்திலும் எட்டிப் பார்த்தேன். தேவை இல்லைதான், ஆசை. வரிப் பதிவில் எங்கள் நிலத்தின் விவரம் ஓர் 'ஆப்ஸ்ட்ராக்ட்' எண்ணிலும் யாரோ ஒருவரின் பெயரோடு 'சர்வே' என்ற சொல்லிலும் தொடங்கும். அந்தப் பெயர் முதன்முதலில் அந்த நிலம் மானியமாகக் கொடுக்கப்பட்டவருடையது. டெக்சாஸ் தனி நாடாக இருந்தபோது 1836இல் தொடங்கிய ஜெனரல் லேண்ட் ஆஃபீஸ் அந்த மானியங்களின் ஆவணங்களை இன்றும் ஆஸ்டினில் வைத்திருக்கிறது. கிளார்க் அலுவலகத்துப் பழைய பத்திரங்களில் அளவு அடியில் இல்லை, 'வாரா' என்ற ஸ்பானிய அளவில் இருந்தது. ஒரு வாரா 33 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நம்ம பழைய பத்திரத்துல மா, குழின்னுதானே இருக்கு" என்றார். பிறகு 14 ஏக்கரை 42 மா என்று மாற்றி, "ரெண்டு வேலிக்கு மேலே" என்று சொல்லிக்கொண்டார். அவர் மனதில் நிலம் அப்போதுதான் உருவம் பெற்றது என்று நினைக்கிறேன்.

ஜூலை கடைசியில் பதிவைத் திறந்தேன். டி1. டிசம்பரில் வரியையும் அபராதத்தையும் சேர்த்துக் கட்டினேன்.

இப்போது அங்கே ஒரு சின்ன வீடு கட்டும் யோசனை இருக்கிறது. இந்த முறை முன்பே கேட்டுவிட்டேன். வீடும் முற்றமும் பிடிக்கும் பகுதி, ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம், அது விவசாயத்திலிருந்து வெளியே போகும். அந்த ஏக்கருக்கு மட்டும் முந்தைய 3 ஆண்டுகளின் வரி வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். 2019க்கு முன் இது 5 ஆண்டுகள், வட்டியும் உண்டு. மீதி 13 ஏக்கர் அப்படியே இருக்கும், புல் அறுப்பது நிற்காத வரைக்கும். எங்களைப் போல விண்ணப்பிக்கத் தவறிச் சலுகை போனால் இந்தப் பழைய பாக்கி வராது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால்தான் வரும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஏப்ரலில் அறிவிப்பு சரியான முகவரிக்கு வந்தது. வகை, ஏக்கர், இரண்டு மதிப்புகள், முகவரி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மறுப்பு இருந்தால் மே 15க்குள் சொல்ல வேண்டும், சொல்வதற்கு ஒன்றும் இல்லை. படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போல, கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"என் பேரு முன்னாடி இருக்கே?"

"ஆமாப்பா."

"சரி. கிஸ்தி ரசீதைக் கிழிச்சுப் போட்டுடாதே. பத்திரத்தோட சேர்த்து வை."