18 வயது நிறைந்ததும் முடங்கிய கணக்கு: பாதுகாவலர் சான்று வாங்கிய கதை

என் தம்பி அறிவுசார் குறைபாடு உடையவன். மாதந்தோறும் அவனுக்கு வரும் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை, அம்மா பாதுகாவலராக இருந்த மைனர் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். 18 வயது நிறைந்ததும் கணக்கு முடங்கியது. பணம் உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை. புளி கொட்டை நீக்கும் அன்றாடக் கூலியை விட்டுவிட்டு, ஏரியூர்ப் பக்கத்திலிருந்து அம்மா அவனையும் பேருந்தில் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், "பையன் மேஜர் ஆயிட்டான்மா, கோர்ட் ஆர்டர் கொண்டாந்தாத்தான் எதுவும் பண்ண முடியும்" என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில்.

நீதிமன்றம் தேவையே இல்லை என்பதை இதைப் படிக்கும் பெற்றோர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையவர்களுக்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவே சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். அந்தச் சான்றை ஏற்றுக் கணக்கு தொடங்கவும் இயக்கவும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2007இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் அதை அறியாமல் உதிர்க்கும் 'கோர்ட்' என்ற ஒரு சொல்லை நம்பி, வக்கீலுக்குப் பணம் கட்டிய குடும்பத்தை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் மற்றச் சிக்கல்கள் தலைகாட்டின. அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறுவயதில் தரும் மருத்துவச் சான்று நிரந்தரமானதன்று. 18 வயதில் மறுமதிப்பீடு செய்தாக வேண்டும். அது அரசு மருத்துவமனையில் அதிக அலைச்சலின்றி முடிந்தது. ஆதார்தான் படுத்தி எடுத்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இனிஷியல் மட்டும் இருக்க, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. போதாக்குறைக்கு, 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பும் நிலுவையில் கிடந்தது. கருவிழிக் கருவியை முகத்தருகே கொண்டுவந்தாலே தம்பி இமைகளை இறுக மூடிக்கொண்டு தலையைத் தோளில் புதைத்துக்கொள்வான். "அடுத்த ஆள் வாங்க" என்று ஒரு மையத்தில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். வேறொரு மையத்தில் இருந்த இளம்பெண், கூட்டம் குறைந்த மாலை நேரத்தில் வரச்சொல்லி, கருவியை முதலில் அவன் கையிலேயே கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க விட்டார். பிறகு அவனே அதைக் கண்ணருகில் தூக்கிப் பிடிக்க, நொடியில் வேலை முடிந்தது. அந்த மாதங்களில் அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பெயர்த் திருத்தம், ஆதார்ப் புதுப்பிப்பு இரண்டையும் 17 வயதிலேயே முடித்துவிடுங்கள். குழு சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்றாலும், ஒரு தாள் குறைந்து ஒரு கூட்டம் தவறினால் அடுத்த கூட்டம் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே விண்ணப்பம் கொடுக்கும்போதே அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் விசாரணை எளிமையாகவே நடந்தது.

சான்றோடு போன பிறகும் வங்கியில் "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்றார்கள். ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின் நகலை மேசையில் வைத்து, மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். அதுவரை கணினித் திரையை விட்டுத் திரும்பாதவர் எழுந்துபோய் யாரிடமோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, படிவத்தை அவரே நிரப்பத் தொடங்கினார். தேங்கியிருந்த தொகை முழுவதும் கைக்கு வந்தது.

சான்று வந்ததோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. நியமிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் தம் பொறுப்பில் இருப்பவரின் சொத்து விவரத்தையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் பாதுகாவலர் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. தம்பி பெயரில் நிலம் எதுவும் இல்லாததால் வங்கி இருப்பை மட்டும் எழுதிக் கொடுத்தோம். மருந்துக் கடைச் சீட்டுகளை அவ்வப்போது ஒரு நோட்டில் ஒட்டித் தேதி எழுதிவிட்டால், மார்ச் முடிந்ததும் கணக்கு எழுதுவது ஒரு மாலை வேலைதான்.