அரிட்டாபட்டியிலிருந்து அழகர்மலை வரை, கரை கரையாக

மேலூர்ப் பக்கம் நடப்பதற்கு மார்கழியை விட்டால் நல்ல மாதம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிறைந்து கிடக்கும். வெயிலும் பத்து, பதினோரு மணி வரை உறைக்காது. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மதினியும் அரிட்டாபட்டியில் தொடங்கி, மலையடிவாரத்தை ஒட்டியே மேற்கே நடந்து அழகர்கோவிலில் பஸ் ஏறினோம். ரோட்டோடு போனால் இவ்வளவு நேரம் ஆகாது. கண்மாய்க் கரைகளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் போனதால் விடியக் கிளம்பி, சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தோம். மதினி வல்லாளப்பட்டியில் பிறந்தவர். எந்த வரப்பு எங்கே போய் முடியும், எந்த ஓடையில் இறங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

இந்தக் குன்றுகளைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரம் அடர்ந்த மலைகள் இல்லை இவை, பெரும்பாலும் மொட்டைப் பாறை. பாறை தண்ணீரைக் குடிக்காது. பெய்கிற மழையில் கொஞ்சம் இடுக்குகளில் இறங்கிச் சுனையாகத் தங்கும், மிச்சம் அத்தனையும் வழிந்து அடிவாரத்துக்கு வந்துவிடும். வந்து சேரும் இடம் பார்த்துத்தான் முன்னோர்கள் கரை போட்டிருக்கிறார்கள். ஒன்று நிறைந்தால், மிச்சத் தண்ணீர் வழிய விட்டிருக்கும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்பது அரசுக் கணக்கு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது வெளியான கணக்கு அது.

முதலில் கழிஞ்சமலை. அங்குள்ள பாண்டியர் காலத்துக் குடைவரையில் சிவன் இருக்கிறார். வாசலில், சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசரின் சிற்பம். தமிழ்நாட்டில் அவரை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். மலையின் இன்னொரு பக்கம் சமணர் குகை. அதில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர், பக்கத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டு. அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்று சொல்லிவிட்டு, 'பாதிரிக்குடியார் ரட்சை' என்று முடிகிறது அது. இதைக் காப்பது பாதிரிக்குடி ஊராரின் பொறுப்பு என்று அர்த்தம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஊரை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிக்கு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

இறங்கும்போது மேலே புறாக்கள் சிதறிப் பறந்தன. மதினிதான் முதலில் பார்த்தார். ஷாகின் வல்லூறு ஒன்று இறக்கையை ஒடுக்கிக்கொண்டு நேர்கீழாக விழுந்தது. புறா தப்பித்துவிட்டது. வல்லூறு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாறை விளிம்பில் போய் உட்கார்ந்தது. செங்குத்துப் பாறைகளின் விளிம்புதான் அதற்குக் கூடு. மார்கழி முதல் பங்குனி வரை முட்டை வைக்கிற காலம். அதனால் போகிறவர்கள் அந்தப் பக்கம் ஏறிக் கூச்சல் போட வேண்டாம். லகர் வல்லூறும் ராசாளியும்கூட இங்கே உண்டு. அன்றைக்கு எங்கள் கண்ணில் படவில்லை.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் காலைச் சாப்பாடு, கட்டிக்கொண்டு போன புளியோதரை. கண்மாய் நிறைந்து, கலுங்கில் விரல்கடைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கொஞ்சத் தண்ணீரிலும் கெண்டைக்குஞ்சுகள் எதிரேறிக்கொண்டிருந்தன. கலுங்குக் கல்லில் பாசி பிடித்த பள்ளத்தில் ஒரு குஞ்சு தங்கி மூச்சு வாங்கும், அடுத்த அலை வந்ததும் துள்ளி மேலே போகும். சில வழுக்கிக் கீழே விழுந்து திரும்ப ஏறின. உள்வாயில் முக்குளிப்பான்களும் நாமக்கோழிகளும்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏத்தா, எங்கிட்டிருந்து வர்றீக?" என்று கேட்டபடி வந்து உட்கார்ந்தார். பேச்சு தானாக டங்ஸ்டன் சுரங்க விஷயத்துக்குப் போனது. 2024 நவம்பரில் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்ததிலிருந்து, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அதை ரத்து செய்யும் வரை இந்த ஊர்கள் சரியாகத் தூங்கவில்லை. ஜனவரி 7 அன்று அதை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார். "மலைய ஒடச்சாலும் மழ பெய்யும்த்தா. கம்மாய்க்கு வராது, அம்புட்டுத்தான்" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நடுவில் இரண்டு மூன்று ஏந்தல்கள் (சின்னக் கண்மாய்கள்), ஒரு தாமரை ஊருணி, கதிர் சாய்ந்த வயல்கள். வேகமாகவே கடந்தோம்.

மீனாட்சிபுரத்து மலையில் ஏறும்போது நல்ல வெயில். மாங்குளம் கல்வெட்டு என்று புத்தகங்களில் வருவது இங்கேதான். நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தன் என்ற துறவிக்குச் செய்து கொடுத்த கற்படுக்கைகள், தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்துகள். ஆனால் என் கண் போனது எழுத்துக்கு அல்ல, குகையின் நெற்றியில் வெட்டியிருந்த காடிக்கு. மேலிருந்து வழிகிற மழைத்தண்ணீர் படுக்கைமேல் சொட்டாமல் ஓரமாக ஒதுங்கிப் போக, பாறையில் புருவம் மாதிரி ஒரு விளிம்பு. கையால் தடவிப் பார்த்தேன், உளி போன தடம் இன்னும் நெருடுகிறது. இங்கே ஒதுங்குகிற தண்ணீரும் கீழேதான் போகிறது.

அழகர்மலை அடிவாரத்தை நெருங்கும்போது மனசு கெட்டுவிட்டது. மேல்கண்மாய் நிறைந்து நிற்கிறது, கீழ்க்கண்மாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை. இடையில் தண்ணீர் வரவேண்டிய வரத்துக்காலில் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள், அதன்மேல் சீமைக்கருவேலம். பாரம்பரியத் தலமாக அறிவித்தது சுமார் 193 ஹெக்டேர். வரத்துக்கால்களோ அந்த எல்லையைத் தாண்டி ஊர் ஊராக ஓடுகின்றன. மலையை மட்டும் காத்துவிட்டு, தண்ணீர் போகிற வழியை விட்டுவிட்டால் எப்படி? எல்லா வரத்துக்கால்களையும் அளந்து கல் நட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் கீழ்க்கண்மாய் இருக்கிற ஊரில் மதினிக்கு மாமன் மகன் ஒருவர் இருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்திலேயே அவருக்குப் போன் போட்டு, படங்களையும் அனுப்பினோம். ஜனவரி 26 கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். மனுவை நான் எழுதித் தருகிறேன், சர்வே எண்ணை அவர் எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.